பச்சை கண்டபின் பறிக்க: மருந்துக் குறிப்பேட்டுக்கு நிறமூட்டும் முறை

மரக்கறிப் பயிருக்கு மருந்து தெளித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே விடப்படவேண்டிய ஓர் இடைவெளி உண்டு. பீடைநாசினிப் போத்தலின் லேபிளில் அவ்விடைவெளி நாட்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். இதனை அறுவடைக்கு முந்திய இடைவெளி என்பர். தெளித்த மருந்து சிதைந்து, காயில் எஞ்சியிருக்கும் அளவு தீங்கற்ற எல்லைக்குள் இறங்குவதற்கு வேண்டிய காலமே இது. இக்காலம் முடியுமுன் பறிக்கப்படும் போஞ்சியும் தக்காளியும் கறிமிளகாயும் பார்வைக்கு எவ்வித குறையுமின்றி இருக்கும். கண்ணாலும் மூக்காலும் கண்டுகொள்ள இயலாத அந்த எச்சம், வாங்கியவரின் வீட்டுக் கறியிற் சேர்கின்றது. கமக்காரரின் குழந்தைகள் உண்ணும் கறியும் அதே பாத்தியிலிருந்து வருவதே.

கட்டுகஸ்தோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மகாவலி கங்கை, பிங்கா ஓயா ஆகியவற்றின் அயலில் மரக்கறி செய்வோர் பெரும்பாலும் சிறு பாத்திகளிலேயே செய்கின்றனர். ஒரு பாத்தியிற் போஞ்சி, அடுத்ததிற் கத்தரி, அதற்கப்பால் பயிற்றங்காய் என்று ஒரே நேரத்தில் ஐந்தாறு பயிர்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு மருந்து தெளிக்கப்படும். எப்பாத்தி எந்நாளில் பறிக்கத் தக்கது என்பதை நினைவில் மட்டும் வைத்திருப்பது எவருக்கும் அரிது. இதற்கு உதவுவதே இப்பிரசுரத்தில் விளக்கப்படும் நிறக் குறிப்பேடு.

1. விரிதாள் என்பது யாது?

கோடிட்ட கணக்குப் புத்தகத்தின் பக்கத்தைக் கணினித் திரையில் விரித்தாற் போன்றது விரிதாள். குறுக்காகச் செல்வன நிரைகள். நெடுக்காகச் செல்வன நிரல்கள். இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம் எனப்படும். நிரல்களுக்கு ஏ, பி, சி என ஆங்கில எழுத்துக்களும், நிரைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராகும். டி நிரலும் இரண்டாம் நிரையும் சந்திக்கும் கலத்தின் பெயர் டி2.

அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய விசிகால்க் 1979ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சிறு கணினிகளுக்கென வந்த முதல் விரிதாள் அதுவே. எக்செல் 1985ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் எக்செல் 97 என்னும் பதிப்பில், கலத்திலுள்ள விபரத்துக்கு ஏற்ப அதன் நிறம் தானே மாறும் வசதி சேர்க்கப்பட்டது. இதற்கு நிபந்தனை வடிவமைப்பு என்று பெயர். இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கூகிள் சீட்ஸ், லிபரே ஆபிஸ் கல்க் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் பிள்ளைகள் விரிதாளைப் பாடமாகவே கற்கின்றனர். ஆகவே வீட்டிலுள்ள பிள்ளையின் துணையுடன் இதனை ஒரு மாலைப் பொழுதில் அமைத்துவிடலாம். விதிகளைக் கணினியில் இடுவது எளிது. இட்டபின் நிறங்களைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

2. குறிப்பேட்டின் ஆறு நிரல்கள்

முதல் நிரையிற் பின்வரும் தலைப்புக்களை எழுதுக.

ஏ – பாத்தியின் பெயர்
பி – பயிர்
சி – தெளித்த மருந்து
டி – தெளித்த திகதி
இ – லேபிளிற் கண்ட இடைவெளி, நாட்களில்
எஃப் – பறிக்கத் தக்க முதல் நாள்

மருந்து தெளிக்குந்தோறும் ஒரு புதிய நிரை எழுதப்பட வேண்டும். எஃப் நிரலை நாம் எழுதுவதில்லை. எஃப்2 என்னும் கலத்தில் =டி2+இ2 என்ற சூத்திரத்தை இட்டு, அதனைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் தெளித்த திகதியுடன் நாட்களைக் கூட்டி விடையைத் தாளே தரும். உதாரணமாக, போஞ்சிக்கு 2025 யூன் 3ஆம் திகதி தெளித்த மருந்தின் லேபிளில் 7 நாட்கள் என்றிருப்பின், எஃப் நிரலில் யூன் 10 தோன்றும். லேபிளில் 14 நாட்கள் என்றிருப்பின் யூன் 17 தோன்றும். இவ்வெண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. மருந்துக்கு மருந்தும், பயிருக்குப் பயிரும் இடைவெளி வேறுபடும். ஆகவே கையிலுள்ள போத்தலின் லேபிளைப் படித்தே இ நிரலை நிரப்புக. லேபிளின் அடியிலுள்ள வண்ணப்பட்டை மருந்தின் நச்சுத் தன்மையைக் குறிப்பது. அதற்கும் பறிக்கும் நாளுக்கும் தொடர்பில்லை.

3. நிறம் மாறும் விதியை இடுதல்

நாம் விரும்புவது, எஃப் கலத்தைப் பார்த்து ஏ முதல் எஃப் வரையுள்ள நிரை முழுவதும் நிறம் மாறுதல். அதாவது ஒரு கலத்தின் நிறத்தை வேறொரு கலம் தீர்மானிக்க வேண்டும். இதற்குச் செய்ய வேண்டியவை:

முதலாவதாக, ஏ2 முதல் எஃப்200 வரையுள்ள கலங்கள் அனைத்தையும் தெரிவு செய்க. தெரிவை ஏ2 இலிருந்தே தொடங்குவது அவசியம்.

இரண்டாவதாக, எக்செல்லில் ஹோம் பட்டியலிலுள்ள கண்டிஷனல் ஃபார்மற்றிங் என்பதைத் திறந்து, நியூ ரூல் என்பதை அழுத்தி, சூத்திரத்தைப் பயன்படுத்தும் கடைசி வகையைத் தெரிவு செய்க. கூகிள் சீட்ஸில் ஃபார்மற் பட்டியலில் கண்டிஷனல் ஃபார்மற்றிங் என்பதைத் திறந்து, நிபந்தனைகளின் வரிசையில் இறுதியிலுள்ள கஸ்டம் ஃபோர்மியுலா என்பதைத் தெரிவு செய்க.

மூன்றாவதாக, பின்வரும் இரு விதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இடுக. ஒலி தெரிய வேண்டித் தமிழெழுத்தில் தந்துள்ளோம். தாளில் ஆங்கில எழுத்தாலேயே தட்டெழுத வேண்டும்.

சிவப்பு விதி: =அண்ட்(கவுண்ட்($டி2:$இ2)=2,$எஃப்2>டுடே())

பச்சை விதி: =அண்ட்(கவுண்ட்($டி2:$இ2)=2,$எஃப்2<=டுடே())

டுடே என்பது இன்றைய திகதி. கவுண்ட் என்பது எண்ணாகவோ திகதியாகவோ நிரப்பப்பட்ட கலங்களின் தொகை. அண்ட் என்பது இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆகவே சிவப்பு விதியின் பொருள்: திகதியும் இடைவெளியும் எழுதப்பட்டுள்ளன, பறிக்கத் தக்க நாள் இன்னும் வரவில்லை. பச்சை விதியின் பொருள்: இரண்டும் எழுதப்பட்டுள்ளன, அந்நாள் வந்துவிட்டது. நாள்தோறும் தாளைத் திறக்கும்போது இன்றைய திகதி தானே மாறுவதால், சிவந்திருந்த நிரை உரிய நாளில் நாம் கைவைக்காமலே பச்சையாகும்.

4. டாலர் குறியின் வேலை

சூத்திரத்தில் வரும் $ என்னும் குறியை அலங்காரமென எண்ணி விட்டுவிடலாகாது. அது கயிற்றை முளையிற் கட்டுவது போன்றது. எழுத்துக்கு முன் இட்டால் நிரல் அசையாது. எண்ணுக்கு முன் இட்டால் நிரை அசையாது.

$எஃப்2 என்று எழுதும்போது எஃப் நிரல் கட்டப்பட்டுள்ளது. நிரை எண் கட்டப்படவில்லை. ஆகவே ஏ2, பி2, சி2 ஆகிய யாவும் எஃப்2ஐப் பார்க்கும். ஏ3, பி3, சி3 ஆகிய யாவும் எஃப்3ஐப் பார்க்கும். ஒவ்வொரு நிரையும் தன் நாளையே பார்ப்பதால் நிறமும் சரியாக அமையும்.

குறியின்றி எஃப்2 என்று மட்டும் எழுதினால், ஏ2 சரியான கலத்தைப் பார்க்கும். பி2 அதற்கு அடுத்த வெற்று நிரலைப் பார்க்கும். சி2 அதற்கும் அப்பாற் பார்க்கும். நிரை துண்டு துண்டாக நிறமாறிக் குழப்பம் விளையும். இப்பிழை கண்ணுக்குத் தெரிவதால் உடனே திருத்திக்கொள்ளலாம்.

மற்றைய பிழையே அபாயமானது. $எஃப்$2 என இரு குறிகளையும் இட்டுவிட்டால் எல்லா நிரைகளும் இரண்டாம் நிரையின் நாளையே பார்க்கும். முதற் பாத்தி பச்சையானால், நேற்று மருந்தடித்த பாத்தியும் உடன் பச்சையாகும். தாள் ஒழுங்காகவும் அழகாகவும் தோன்றும். சொல்வது மட்டும் பொய்யாக இருக்கும்.

5. வெள்ளை அனுமதியன்று

இப்பிரசுரத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. சிவப்பு விதியை மட்டும் இட்டு, சிவக்காதன எல்லாம் பறிக்கத் தக்கவை எனக் கொள்வது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அவ்வாறு கொள்ளலாகாது. ஒரு நிரை சிவக்காமைக்குக் காரணங்கள் பல. நாள் கடந்திருக்கலாம், திகதியை எழுத மறந்திருக்கலாம், தாள் திகதியென ஏற்காத உருவில் எழுதியதால் சூத்திரம் பிழைபட்டிருக்கலாம். சூத்திரம் பிழைபட்டால் நிபந்தனை நிறைவேறாது, நிறமும் வராது. அறியாமையும் அனுமதியும் அப்போது ஒரே வெள்ளையாகத் தோன்றும்.

பச்சை விதியைக் கவுண்ட் பகுதியின்றி இடுவதும் தவறு. தெளித்த திகதி வெற்றிடமாக இருந்தால் எக்செல் அதனைச் சுழியமாகக் கொண்டு 7ஐக் கூட்டும். விடை 1900ஆம் ஆண்டு சனவரி 7 என வரும். அது கடந்த நாளாதலால், திகதியே எழுதப்படாத பாத்தி பச்சையாகிவிடும். இதனைத் தடுக்கவே இரு கலங்களும் நிரம்பியுள்ளனவா என்பதை முதலிற் பார்க்கின்றோம்.

ஆகவே மூன்று நிலைகளையும் இவ்வாறு கொள்க: சிவப்பு – பறிக்கலாகாது. பச்சை – எழுதிய விபரப்படி நாள் வந்துவிட்டது. வெள்ளை – விபரம் போதாது, தெரியும்வரை பறிக்கலாகாது.

விதிகளை இட்டவுடன் மூன்று பொய் நிரைகளால் அவற்றைப் பரீட்சித்துப் பார்க்க. முதலாவதில் தெளித்த திகதியாக இன்றைய நாளையும் இடைவெளியாக 7ஐயும் எழுதுக. அது சிவக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு மாதத்துக்கு முந்திய நாளையும் 7ஐயும் எழுதுக. அது பச்சையாக வேண்டும். மூன்றாவதில் திகதியை விட்டு 7ஐ மட்டும் எழுதுக. அது வெள்ளையாகவே நிற்க வேண்டும். மூன்றும் சரியானால் அவற்றை அழித்துவிட்டு உண்மை விபரங்களை எழுதத் தொடங்குக.

6. திகதி எழுதும் முறை

நாம் 3/4 என்று எழுதினால் ஏப்ரில் 3 என்று கருதுகின்றோம். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினி அதனை மார்ச் 4 என்று வாசிக்கும். ஏறக்குறைய ஒரு மாதம் பின்தள்ளப்படுவதால், இன்னும் காத்திருக்க வேண்டிய பாத்தி உடனே பச்சையாகும். இத்தவறு நேராதிருக்க, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என எழுதுக. இவ்வரிசையை இருவகையாக வாசிக்க இடமில்லை. மேலும் டி, எஃப் ஆகிய நிரல்களில் மாதம் பெயராகத் தோன்றுமாறு அமைத்துவிட்டால் பிழை உடனே கண்ணிற் படும்.

கணினியினதோ தொலைபேசியினதோ திகதி சரியாக உள்ளதா என்பதையும் கவனிக்க. தாளை அச்சிட்டு வைப்போர், அச்சிட்ட நாளின் நிறமே அதில் நிற்கும் என்பதை மறக்கலாகாது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாத கண்ணுடையோரும் உளர். அத்தகையோர் உள்ள வீட்டில் சிவப்புக்குச் செம்மஞ்சளையும் பச்சைக்கு நீலத்தையும் பயன்படுத்துவது நன்று.

7. ஒரே பாத்தியில் இரு மருந்துகள்

போஞ்சிக்கு திங்கட்கிழமை பூச்சிநாசினியும் வியாழக்கிழமை பங்கசுநாசினியும் தெளித்திருந்தால் தாளில் இரு நிரைகள் இருக்கும். ஒன்று பச்சையாகவும் மற்றையது சிவப்பாகவும் நிற்கக்கூடும். பச்சை நிரையை மட்டும் கண்டவர் பறிக்கச் சென்றுவிடுவார். இதனைத் தவிர்க்க மூன்றாவது விதியொன்றை இட்டு, அதனை மற்றைய இரண்டுக்கும் மேலே வைக்க.

=கவுண்டிஃப்ஸ்($ஏ$2:$ஏ$200,$ஏ2,$எஃப்$2:$எஃப்$200,">"&டுடே())>0

இதற்கும் சிவப்பையே கொடுக்க. ஒரே பாத்தியின் பெயருடைய நிரைகளுள் ஏதேனும் ஒன்று காத்திருப்பில் இருந்தால், அப்பாத்தியின் எல்லா நிரைகளும் சிவக்கும். மேலேயுள்ள விதிக்கே முதலிடமாதலால் பச்சை அதனை மறைக்காது. பாத்தியின் பெயரை எப்போதும் ஒரேவிதமாக எழுத வேண்டும். ஓரிடத்தில் கீழ்ப் பாத்தி என்றும் மற்றோரிடத்தில் கீழ்பாத்தி என்றும் எழுதினால் தாள் அவற்றை இரு பாத்திகளாகவே கொள்ளும். பா1, பா2 எனச் சுருக்கமான பெயரிட்டு, அதே பெயரைப் பாத்தியின் தலைமாட்டில் ஒரு பலகையிலும் எழுதி வைப்பது சிறந்தது. ஒரு பாத்தியின் நிரைகள் அனைத்தும் பச்சையானாலன்றி அங்கே கூடையை எடுத்துச் செல்ல வேண்டாம்.

8. தெளிக்குமுன் தாளைப் பார்த்தல்

போஞ்சி, கத்தரி, பயிற்றை, வெண்டி போன்றவை ஒரு முறை அறுத்து முடிப்பன அல்ல. சில நாட்களுக்கு ஒருமுறை தொடர்ந்து பறிக்கப்படுவன. காய் முற்றினால் விலை குறையும். ஆகவே மருந்து தெளித்தபின் காத்திருக்கச் சொல்வது எளிது. காத்திருப்பது கமக்காரருக்கு நட்டமாகலாம். இடைவெளி மீறப்படுவதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாகலாம்.

இதற்குத் தாள் முன்கூட்டியே உதவும். தெளிக்க எண்ணும் திகதியையும் லேபிளின் இடைவெளியையும் முதலில் தாளில் எழுதிப் பார்க்க. நான்கு நாட்களுக்கு ஒருமுறை பறிக்கும் பாத்தியில் இடைவெளி 7 நாட்களாயின், பறித்த அன்று மாலையே தெளித்தால் ஒரு பறிப்பு மட்டுமே தவறும். இரு நாட்கள் கழித்துத் தெளித்தால் இரு பறிப்புக்கள் தவறும். இடைவெளி 14 நாட்களாயின் மூன்று பறிப்புக்கள் தவறும். அந்நட்டத்தைத் தெளிக்குமுன் காண்பவர், குறுகிய இடைவெளியுடைய பரிந்துரைத்த மருந்தையோ, தாக்குண்ட காய்களை அகற்றி அழித்தல், பொறி வைத்தல் போன்ற முறைகளையோ தேர்ந்துகொள்ள வழியுண்டு. தெளித்தபின் காண்பவருக்கு அவ்வழி இல்லை.

தெளித்த மறுநாள் மழை பெய்தாலும் நாட்கணக்கைக் குறைக்கலாகாது. மழை மருந்தைக் கழுவிவிட்டதென்பது ஊகமே. பயிரினுள் ஊடுருவும் மருந்துகள் மேல்மழையால் நீங்கிவிடுவதில்லை.

9. நெல் வயலிலும் இம்முறை பயன்படும்

ஒரு கலத்தை மற்றொரு கலத்தோடு ஒப்பிட்டு நிறமூட்டும் இம்முறை நெற்செய்கையாளருக்கும் உதவும். இலை நிற அட்டை என்பது பச்சையின் சாயல்கள் வரிசையாக அமைந்த ஒரு சிறு பிளாத்திக்குப் பட்டை. யப்பானில் தோன்றிய இதனைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் திருத்தி ஆசிய நாடுகளிற் பரப்பியது. நோயற்ற 10 பயிர்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் முற்றாக விரிந்த மேலிலையை அட்டையின் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். இலையைப் பறிக்கலாகாது, உடம்பின் நிழலிலேயே பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒருவரே பார்ப்பது நன்று. 10 வாசிப்புக்களின் சராசரி, பரிந்துரைத்த எல்லையிலும் குறைந்தால் யூரியா இட வேண்டிய வேளை வந்ததென அறியலாம்.

தனித் தாளொன்றில் ஏ நிரலில் வயலின் பெயரையும், பி நிரலில் சராசரி வாசிப்பையும், சி நிரலில் எல்லையையும் எழுதி, பின்வரும் விதியை மஞ்சள் நிறத்துக்கு இடுக.

=அண்ட்(கவுண்ட்($பி2:$சி2)=2,$பி2<$சி2)

எல்லையை விதிக்குள் எண்ணாக எழுதாது, அதற்கென ஒரு நிரலை வைப்பதன் காரணம் யாதெனில், நெல்லினத்துக்கும் விதைப்பு, நாற்று நடுகை ஆகிய முறைகளுக்கும் ஏற்ப அது வேறுபடும். இனம் மாறும்போது கலத்தை மாற்றினாற் போதும். விதியைத் தொட வேண்டியதில்லை. உங்கள் இனத்துக்குரிய எல்லையைப் போதனாசிரியரிடம் கேட்டறிக. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் அத்தடை நீங்குவதற்குள் கமக்காரர் பட்ட இடரை யாவரும் அறிவர். யூரியாவை வேண்டியபோது வேண்டிய அளவே இடுவது பணத்துக்கும் பயிருக்கும் நன்மை. மிகையாக இட்ட வயலில் நோயும் பூச்சியும் பெருகும்.

10. தாள் செய்யாதவை

நிறம் சாட்சியன்று, நாம் எழுதியதை நமக்கே திருப்பிக் காட்டும் கண்ணாடி அது. லேபிளிலுள்ள அளவுக்கு மேலாக மருந்து கலந்திருந்தால், குறித்த நாள் வந்தாலும் எச்சம் எல்லைக்குள் இறங்கியிருக்கும் என்று கூற இயலாது. அப்பயிருக்குப் பரிந்துரைக்கப்படாத மருந்தைத் தெளித்திருந்தாலும் அவ்வாறே. தாளோ வழக்கம்போற் பச்சையையே காட்டும். ஆதலால் அளவு, பயிர், இடைவெளி ஆகிய மூன்றையும் லேபிளின்படி கைக்கொண்டவருக்கே இப்பச்சை பயன்படும்.

ஒழுங்காக எழுதப்பட்ட குறிப்பேட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழை நாடுவோர், தெளித்த மருந்தின் பெயரையும் நாளையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். இத்தாள் அப்பதிவுக்கும் அடிப்படையாகும்.

நினைவிற் கொள்க

தெளித்த அன்றே எழுதுக. லேபிளைப் பார்த்தே நாட்களை இடுக. நிரலுக்கு $ இடுக. நிரைக்கு இட வேண்டாம். புதிய தாளைப் பரீட்சிக்காது நம்ப வேண்டாம். வெள்ளை நிரையைச் சிவப்பாகவே மதிக்க. ஐயமேற்படின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக. அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துடன் தொடர்பு கொள்க.